அப்பாசாமி இன்னும் ஆயத்தமில்லை

காஜா பேராங் தெருவில் ரொட்டி விற்ற அப்பாசாமி, ஆண்டவர் எந்த நேரத்தில் வந்தாலும் கூடவே கிளம்பத் தயாராக இருந்த மனிதர். ஜப்பான்காரன் காலத்தில் மலாக்கா முழுவதும் அரிசிக்கு வரிசையில் நிற்க, அவர் ஒருவர்தான் மோட்சத்துக்கு வரிசையில் நின்றார். அவர் மரவள்ளி மாவில் சுட்ட ரொட்டியைத் தெருநாய் முகர்ந்து பார்க்கும். பிறகு அவரையும் ஒரு பார்வை பார்க்கும்.

ஆண்டவர் திருடன் மாதிரி சொல்லாமல் வருவார் என்று வேதக்கோயில் ஐயர் பிரசங்கம் பண்ணியிருந்தார். அதனால் வாராவாரம் செய்த பாவத்தை அந்தந்த வாரமே கழித்துவிடுவது அப்பாசாமியின் வழக்கம். சனிக்கிழமை மத்தியானம் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, யாருக்குப் பாவம் செய்தாரோ அவர் முன்னாலேயே போய் நின்று மன்னிப்புக் கேட்பார்.

தொல்லை என்னவென்றால், அந்தப் பாவங்கள் சம்பந்தப்பட்டவர்களுக்கே தெரியாதவை. ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வைத்திருந்த ஜெய்னுலாப்தீனிடம், "நானா, செவ்வாக்கெழம ஒங்கள மனசுக்குள்ள கஞ்சப்பயன்னு திட்டிட்டேன், மன்னிச்சிருங்க" என்றார். அதுவரை சிரித்துப் பேசிய மனிதர் அன்றிலிருந்து யோசித்துச் சிரித்தார். பக்கத்து வீட்டு ருக்மணியிடம், அவள் பாடும்போதெல்லாம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டதை ஒப்புக்கொண்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்ப வைத்த பாவத்துக்காக அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போய் நின்றார். சனிக்கிழமை வந்தால் தெருவில் பாதிக் கதவுகள் சாத்தியிருக்கும்.

அப்போதுதான் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லாரி தெருவுக்குள் வந்தது. ருக்மணியின் புருஷன் சுப்பையன் வேலி தாண்டிக் குதித்து, அப்பாசாமியின் அடுப்படியில் இருந்த காலித் தண்ணீர் ஜாடிக்குள் இறங்கிவிட்டான். ஆள் குட்டை, ஜாடி பெரிது. பின்னாலேயே ஒரு சிப்பாயும் மொழிபெயர்க்கிற ஆளும் வந்தார்கள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றார் அப்பாசாமி. ஜாடியில் என்ன என்றார்கள். தண்ணீர் என்றார். இருபது வருஷமாகப் பொய் பேசாத முகத்தை யார் சந்தேகப்படுவார்கள்? போய்விட்டார்கள்.

லாரிச் சத்தம் ஓய்ந்ததும் அப்பாசாமி கிணற்றுக்கு ஓடினார். வாளி வாளியாகக் கொண்டுவந்து ஜாடிக்குள் ஊற்றினார். சுப்பையன் கழுத்துவரை நனைந்து, ஏன் அண்ணே என்று பல் நடுங்கக் கேட்டான். சொன்ன சொல்லை எப்படியாவது உண்மையாக்கிவிடலாம் என்று பார்த்ததாக விளக்கினார். ஆனால் யாரும் இல்லை என்று சொன்னதற்கு எந்தக் கிணற்றிலும் தண்ணீர் இல்லை.

சனிக்கிழமை வந்தது. வெள்ளைச் சட்டையோடு முச்சந்திக் காவல்சாவடிப் பக்கம் கிளம்பியவரை வாசலிலேயே மறித்தாள் ருக்மணி.

"எங்கண்ணே?"

"பொய் சொன்னது அந்தச் சிப்பாய்கிட்டம்மா. அவன்கிட்டதானே மன்னிப்புக் கேக்கணும்."

"சரி, கேளுங்க. நீங்க மோட்சத்துக்குப் போவீங்க, எம் புருஷன் சயாமுக்குப் போவான். ரெண்டு பேருல ஒருத்தராவது திரும்பி வருவீங்களா?"

இன்றே ஆண்டவர் வந்து எக்காளம் ஊதினால் தெருவில் தாம் மட்டும் கைவிடப்பட்டு, ரொட்டிக்கூடையோடு நிற்பது அப்பாசாமியின் கண்ணில் தெரிந்தது. பிறகு உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அன்று அவர் எங்கும் போகவில்லை. சாயங்காலம் ஜெய்னுலாப்தீனே தேடி வந்து, இந்த வாரம் தன்னைத் திட்டவே இல்லையா என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு விசாரித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அப்பாசாமி வெயிலிலும் குடை பிடித்தே ரொட்டி விற்றார். ஆண்டவர் மேலிருந்து பார்த்தால் ஆள் தெரியக் கூடாதாம். இடி இடித்தால் யார் வீட்டுக் கட்டிலுக்கடியிலாவது நுழைந்துகொள்வார்.

குடைக்குள் இருந்தவரையும் காய்ச்சல் கண்டுபிடித்துவிட்டது. கொய்னா மாத்திரை கிடைக்காத காலம். ஆள் தேறமாட்டார் என்று சொல்லி அனுப்ப, தெங்கேராவிலிருந்து ஐயர் நடந்தே வந்தார். பாயருகே உட்கார்ந்து, "அப்பாசாமி, ஆயத்தமா இருக்கீங்களா?" என்றார்.

"இல்லீங்கய்யா."

எத்தனையோ பேரை வழியனுப்பிய ஐயர் இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை. என்ன பாவம் என்று விசாரித்தார். ஒரு பொய் என்று பதில் வந்தது. யாரிடம், எதற்கு என்று கேட்டதும் அப்பாசாமி கண்ணை மூடிக்கொண்டார். போகட்டும், செய்ததற்கு வருத்தம் வந்தால் போதும் என்றார் ஐயர்.

"அதுதாங்கய்யா வரமாட்டேங்குது. நாளைக்கு வந்து கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்."

வாசற்படியில் ருக்மணி கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். தனி ஆளான அப்பாசாமியின் அடுப்படியில் யாரோ இருமலை அடக்கினார்கள். ஐயர் அவளைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் முழங்காலில் நின்றார்.

"ஆண்டவரே, இந்த மனுஷன் இன்னும் ஆயத்தமாகவில்லை. நீர் இப்போது வந்தால் எங்களுக்கெல்லாம் சங்கடம். தயவுசெய்து ஜப்பான்காரன் போனபிறகு வாரும்."

மாரியம்மனைத் தவிர யாரையும் கும்பிட்டறியாத ருக்மணி சத்தமாக ஆமென் சொன்னாள். அடுப்படியிலிருந்தும் ஓர் ஆமென் வந்தது.

அப்பாசாமி மெல்லக் கண்ணைத் திறந்தார். "எங்களுக்கெல்லாம்னு சொன்னீங்களே, ஒங்களுக்கு என்னங்கய்யா சங்கடம்?"

"போற வழியில சாவடி இருக்கு. என்னையும் கேப்பாங்கல்ல," என்றார் ஐயர். "நீங்க கஞ்சியக் குடிங்க."

குடித்தார். ஆண்டவரும் பொறுத்துக்கொண்டார். ஜப்பான்காரன் போனான், சுப்பையன் பகல் வெளிச்சத்தில் தெருவில் நடந்தான். மன்னிப்புக் கேட்க வேண்டிய சிப்பாய் எந்த ஊருக்குப் போனானோ தெரியவில்லை. அப்பாசாமி இன்னும் பல வருஷம் உயிரோடு இருந்தார், ஆயத்தமில்லாமலே.