ஹேண்டில் போடாத வண்டி

1997 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். ஆறு மணிக்கு மதகடிக்குப் போய் அளவுகோலில் தண்ணீர் மட்டம் பார்த்துக் குறித்தேன். ஞாயிறு என்று ஆற்றுக்கு விடுமுறை கிடையாது. ஏழரைக்குக் கோயிலில் ஆராதனை. ஒன்பதே காலுக்கு வீடு திரும்பி, நானே வார்த்த நாலு தோசை, ஒரு டம்ளர் காப்பி.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை, தூக்கக் கலக்கம் இல்லை, குடிக்கிற வழக்கம் என்றைக்குமே இல்லை. பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பாசனப் பிரிவில் இருபத்தேழு வருடம், கண்ணால் பார்த்த எண்ணைத் தவிர வேறொன்றைப் பதிவேட்டில் எழுதியதில்லை. திருவையாற்றுக்கு மேற்கே, குடமுருட்டிக் கரையில், அன்றிருந்த அதே வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

அப்போது வீட்டில் நான் மட்டும்தான். மகன் மஸ்கட்டில் வேலையாக இருந்தான். பேரன் பிறந்ததும் மனைவியும் அங்கே போய்விட்டாள். நானும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. விண்ணப்பம் கையெழுத்துப் போட்டு மேசையில் தயாராக இருந்தது. முதலில் பழைய ஃபியட்டை விற்பது, பிறகு வீட்டை. ஐம்பத்தெட்டாம் வருட வண்டி அது. திங்கட்கிழமை பத்து மணிக்குத் திருச்சியிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. பழைய வண்டிகளைச் சேர்க்கிறவர். ஓடினால் எடுத்துக்கொள்வேன், ஓடாவிட்டால் காயலான் கடைக்குச் சொல்லிக்கொள்ளுங்கள் என்று கடிதத்தில் கண்டிப்பாக எழுதியிருந்தார்.

வண்டி ஓடி நாலு வருடம். டாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் இழுக்கும் பம்ப் செத்துப்போயிருந்தது. தஞ்சாவூரில் ஒரு பட்டறையில் கொடுத்து, உள்ளே புது ரப்பர் சவ்வும் வால்வும் போட்டுச் சனிக்கிழமை வாங்கி வந்தேன். மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

பத்தரைக்கு வாய்க்கால் கரைத் தெரு மேரி வந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வருவாள்.

"கடுதாசி வந்துச்சாங்கய்யா?"

"இல்லம்மா."

"எழுதத் தெரியாத மனுசனக் கட்டுனா இப்படித்தான். இன்னொருத்தனக் கெஞ்சி எழுதுறதுக்குள்ள தாடி நரைச்சிடும்." மேசைமேல் இருந்த பம்பை விரலால் தட்டிப் பார்த்தாள். "இது என்னங்கய்யா, இடியாப்ப அச்சாட்டம்?"

"வண்டிக்குப் பம்பு. நாளைக்கு ஆள் வராங்க."

சிரிப்பு நின்றது. "அப்ப வண்டியக் குடுத்துடுவீங்க. அப்புறம் வூட்டையும் குடுத்துடுவீங்க. தபால்காரரு கடுதாசிய எங்க கொண்டாந்து போடுவாருங்கய்யா?"

பம்பை என் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டேன். அவள் கணவர் மரியதாஸ் எங்கள் மதகில் தினக்கூலி லஸ்கர். மதகுக் கதவைத் திருகி ஏற்றி இறக்குகிற வேலை. பதினோரு வருடம் உழைத்தும் நிரந்தரம் ஆகவில்லை. தொண்ணூற்று மூன்றில் ஒரு ஏஜெண்டைப் பிடித்துச் சவுதிக்குப் போனார். பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான். அவர் தெருவில் எல்லாக் கூரை வீடும் ஒரே மாதிரி, கடிதம் தவறிப்போகும் என்று என் விலாசத்தையே எழுதிக்கொண்டு போனார். மொத்தம் நாலு கடிதம். மூன்று வருடமாக ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே விலாசம் இந்த வீடுதான்.

மதியம் இரண்டரைக்குக் கொட்டகைக்குப் போனேன். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தேன். கியர் நியூட்ரல். பாட்டரி இன்னும் மாட்டவில்லை, தரையில்தான் இருந்தது. பம்பை வைத்து இரண்டு நட்டையும் முடுக்கினேன். அடியில் கையால் அடிக்கிற சின்ன நெம்பு ஒன்று உண்டு. அதை அடித்துத்தான் முதல் பெட்ரோலை மேலே ஏற்ற வேண்டும். நெம்பு கொழகொழவென்று ஆடியது. எஞ்சினுக்குள் இருக்கும் தண்டு பம்பின் கையை அமுக்கிக்கொண்டு நின்றால் இப்படித்தான் ஆகும். எஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டால் சரியாகும். அது இரண்டு ஆள் வேலை. ஒருவர் வண்டிக்கு முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்ற, இன்னொருவர் நெம்பில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த இன்னொருவர் எப்போதும் மரியதாஸ்தான். மதகில் தண்ணீர் இரைச்சலில் பேச்சுக் கேட்காது என்பதால் இரும்பில் தட்டித்தான் எங்களுக்குள் பேச்சு. நான் ஒரு தட்டு தட்டினால் கால் சுற்று. இரண்டு தட்டினால் நிறுத்து. அவர் பதிலுக்கு ஒன்று தட்டினால், சரி, இருக்கேன். சாயங்காலம் கதவை முழுக்க இறக்கியபின் மூன்று தட்டுவார்: மூடியாச்சு, கிளம்பலாம். ஞாயிற்றுக்கிழமை வண்டி வேலையிலும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. அவரிடம் ஒரு தப்பும் உண்டு. எங்கள் மதகுத் திருகை இடப்பக்கம் சுற்றினால்தான் கதவு ஏறும். அந்தக் கை, வண்டி ஹேண்டிலையும் முதலில் இடப்பக்கமே திருப்பும். அப்படித் திருப்பினால் ஹேண்டில் பிடிக்காமல் 'கரக்' என்று வழுக்கும். நான் பம்புப் பக்கமிருந்து திட்டுவேன். அவர் சிரித்துக்கொண்டே வலப்பக்கம் சுற்றுவார்.

எஞ்சின் முன்னால் உள்ள காற்றாடிச் சக்கரத்தின் உச்சியில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டேன். எவ்வளவு சுற்றுகிறோம் என்று தெரிவதற்காக அப்படிப் போடுவது என் வழக்கம். பிறகு பம்புப் பக்கம் வந்து குனிந்து, நெம்பில் விரலை வைத்தேன். மறு கையில் ஸ்பேனர். தனியாக இருக்கிறேன் என்ற நினைவே இல்லாமல் மட்காடில் ஒரு தட்டு தட்டினேன்.

'கரக்.'

பிறகு எஞ்சின் மெதுவாகப் பெருமூச்சு விட்டதுபோல் அசைந்தது. என் விரலுக்கடியில் நெம்பு விறைத்தது. அந்த நொடிவரை எனக்கு எதுவும் விசித்திரமாகத் தோன்றவில்லை என்பதுதான் விசித்திரம். இரண்டு தட்டினேன். நின்றது. நெம்பை அடித்தேன், இருபத்திரண்டாவது அடியில் பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் ஏறியது. 'ஏறிடுச்சு' என்று வாய்விட்டுச் சொன்னேன்.

முன்பக்கத்துப் பம்பரில் மூன்று தட்டு கேட்டது. நிதானமாக, இடைவெளி விட்டு.

அப்போதுதான், ஹேண்டிலைச் சுற்றியது யார் என்ற கேள்வி எழுந்தது. எழுந்து முன்னால் போனேன். யாரும் இல்லை. ஹேண்டிலும் இல்லை. அது சுவர் ஆணியில் தொங்கியது; போவதற்கு முந்தின நாள் மரியதாஸ் பழைய கைலித் துணியில் சுற்றி, 'நான் வந்து அவுக்குறேங்கய்யா' என்று முடிச்சுப் போட்டு மாட்டிய அதே ஆணியில், அதே முடிச்சோடு. முடிச்சின்மேல் சிலந்தி நூல்கூட அறுபடவில்லை. ஆனால் உச்சியில் நான் போட்ட சுண்ணாம்புக் கோடு கால் சுற்று இறங்கி, பக்கவாட்டில் நின்றது. காற்றாடி இறக்கையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

ஐந்து மணிக்குப் பாட்டரியை மாட்டினேன். வண்டி முதல் இழுப்பிலேயே புறப்பட்டது. சந்தோஷப்பட ஆள் இல்லை. மஸ்கட்டுக்குப் போன் போட்டால் என்னவென்று சொல்வது? எஞ்சினை அணைத்துவிட்டு இருட்டும்வரை அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். நான் கேட்டது உண்மையில்லை என்றால் அந்தக் கோடு எப்படி நகர்ந்தது? உண்மை என்றால் மூன்று தட்டுக்கு ஒரே பொருள்தான்; 'இருக்கேன்' என்கிற ஒற்றைத் தட்டு இல்லை அது. அதை மேரியிடம் சொல்ல வேண்டியவன் நான். சொல்லிவிட்டால் கடிதத்துக்கு யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டை விற்கலாம், விமானம் ஏறலாம். இரவு டைரியில் தேதியும் நேரமும் எழுதி, எத்தனை தட்டு என்று எழுதுகிற இடத்தை வெறுமையாக விட்டேன்.

மறுநாள் காலை எழுந்ததும், மதகுக்குப் போகவில்லை. காப்பி போடவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நேராக வாய்க்கால் கரைத் தெருவுக்குப் போனேன். வண்டிச் சத்தம் கேட்டு மேரி ஈரக்கையோடு ஓடி வந்தாள். முதலில் அவள் பார்த்தது என்னை அல்ல, என் பக்கத்து இருக்கையை. தூக்கிச் செருகியிருந்த புடவையை அவசரமாக இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"நேத்து ஹேண்டில நான் சுத்தலம்மா" என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் சொல்லாமல் எஞ்சினை அணைத்தேன்.

அவள் மறுபடி அந்தக் காலி இருக்கையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"வேலை முடிஞ்சப்புறம் எத்தினி தட்டுங்கய்யா?"

தட்டு கேட்டது என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை. எங்கள் தட்டுக் கணக்கை அவர் வீட்டில் சொல்லியிருக்கலாம். ஆனால் முந்தின நாள் எனக்குத் தட்டு கேட்டதை அவளுக்கு யார் சொன்னது? இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவள் ஈரக்கையைப் புடவையில் துடைக்காமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணும்மா" என்றேன்.