ஊர் மண் மேல் போட்ட பழி

எனக்கு உடம்பில் சதை போட்டால் வலது கைப் பெருவிரலும் சேர்ந்து பருக்கும். அதன் மேல் இருப்பது என் வயிற்றுத் தோல். கையை வயிற்றோடு வைத்துத் தைத்து, வாரக்கணக்கில் அப்படியே படுக்கப் போட்டு ஒட்டவைத்தது. பக்கத்து இரண்டு விரல்களை அதற்கு முன்பே வெட்டி எடுத்துவிட்டார்கள். தினமும் அந்தக் கையில் பிரஷ்ஷைப் பிடித்ததும் ஒரு மனிதரை வைதுவிட்டுத்தான் பல் தேய்க்கிறேன்.

வளைகுடாவில் அவர் எனக்கு சூப்பர்வைசர். வெல்டிங் செய்த குழாய்களைக் கதிர்வீச்சால் படமெடுத்து விரிசல் பார்ப்பது வேலை. ஒருநாள் கருவியிலிருந்து சிறிய உலோகத் துண்டு ஒன்று கழன்று கீழே கிடந்தது. மீட்டர் வைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யாதுலே, எடுத்து அங்க போடு" என்றார். மூன்று விரலால் எடுத்துப் போட்டேன். சொன்னவர் தள்ளித்தான் நின்றார். கதிர்வீச்சு வருவதே அந்தத் துண்டிலிருந்துதான் என்று அவருக்குத் தெரியும்.

சில நாளில் விரல்கள் சிவந்தன. பிறகு கொப்புளம், பிறகு ஆறாத புண், கறுப்பு. நான் வலியில் துடித்துக்கொண்டிருக்க, அவர் கம்பெனியில் போய், "அவனுக்கு ஊரு மணவாளக்குறிச்சில்லா? அங்க மண்ணுலயே கதிர்வீச்சு உண்டும். சின்னதுலயே அதுல கெடந்து உருண்டவன்" என்றிருக்கிறார். எங்கள் கடற்கரைக் கறுப்பு மண்ணில் அது கொஞ்சம் இருப்பது உண்மை. கம்பெனிக்கு அது போதுமாயிருந்தது. என்னை விமானம் ஏற்றிவிட்டார்கள்.

திருவனந்தபுரத்தில் அறுவை செய்த டாக்டர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "மண்ணால வரும்னா உங்க ஊர்ல ஒருத்தருக்கும் விரலு இருக்காதே!"

பக்கத்து ஊர்க்காரரான சூப்பர்வைசர் இப்போது ஊரோடு வந்து எங்கள் சர்ச் சபையில் பெரிய மனிதர். மகள் கல்யாணத்துக்கு என்னை அழைக்கவில்லை. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். வரவேற்பு மேடையில் மணமக்கள் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசையில் நின்று மேலேறி நானும் கையை நீட்டினேன். அவர் கை சட்டென்று முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"பயப்படாதீங்க அண்ணே, எல்லாம் எங்க ஊரு மண்ணுதான்" என்றேன், கேமராக்காரருக்கும் கேட்கும்படி.

வேறு வழியில்லாமல் பிடித்தார். நான் விடவில்லை.

"என்ன மண்ணு மாமா?" என்றார் புது மாப்பிள்ளை. மகளும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா சொல்லுவாரு, விடாம கேளுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பந்தியில் உட்கார்ந்து, மிச்சமிருக்கும் விரல்களால் பிசைந்து, மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டேன். வயிறு குளிர்ந்தது. அதன் தோல் ஒட்டிய பெருவிரலும் குளிர்ந்தது.