சுருங்கிப்போன மூடி

இன்று காலை சூலூரிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பிரித்தேன். உள்ளே பளபளவென்று ஓர் அலுமினிய மூடி, அசல் இங்கிலாந்துச் சரக்கு. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள் எதையாவது வாங்கினால், அசல்தானா என்று பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். பெரிய வித்தையெல்லாம் இல்லை. எஞ்சின் நம்பரை யாராவது தேய்த்துவிட்டு மறுபடி அடித்திருக்கிறார்களா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். "ஊட்டுல பீஸ் போனாப் பாக்கத் தெரியாது. டார்ச்சத் தூக்கிட்டு ஊர் வண்டியப் பாக்கக் கெளம்பியாச்சு" என்பாள் என் மனைவி.

சூலூரில் தறி ஓட்டும் பழனிச்சாமி அண்ணன் போன மாதம் கூப்பிட்டார். "ஏனுங்க, ஒரு வண்டி வாங்கிப்போட்டேன். கண்காட்சிக்கு வெக்கோணும். ஒரெட்டு வந்து பாத்துச் சொல்லுங்க." போனேன். நம்பரெல்லாம் சுத்தம். எஞ்சினின் பக்கவாட்டு மூடிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. திருகாணித் துளைகள் வட்டமாக இல்லை. அரத்தால் ராவி நீளமாக்கியிருந்தது.

அப்பா சிங்காநல்லூரில் ஒரு பவுண்டரியில் பம்ப்செட்டுக்கு மர அச்சு செய்தவர். வார்ப்பு மண்ணில் கலக்கும் கரும்புப்பாகின் வாசனை அவர் சட்டையோடு வீட்டுக்கு வரும். வெல்லம்தான் வாங்கி வந்திருக்கிறார் என்று நான் பையைத் துழாவுவேன். அப்போது எங்களிடமும் இதே மாதிரி இங்கிலாந்து வண்டி ஒன்று இருந்தது. அதன் மூடி உடைந்தபோது மாற்று எங்கும் கிடைக்கவில்லை. "நம்மூர்ல ஊத்த முடியாததா?" என்று, உடைந்ததையே ஒட்டி மண்ணில் பதித்துப் புதிதாக ஊற்றிக்கொண்டு வந்தார். உலோகம் ஆறினால் சுருங்கும், அச்சு கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். பம்ப்செட்டுக்கு ஒருநாளும் அதை மறக்காத மனிதர், சொந்த வண்டி என்கிற அவசரத்தில் மறந்துவிட்டார். மூடி சிறுத்துப்போய்த் துளைகள் பொருந்தவில்லை. வாசலில் உட்கார்ந்து ராவினார். அம்மா விடுவாளா?

"ஊருக்கெல்லாம் அளவு சொல்றீங்க. நம்மூட்டு வண்டிக்கு மட்டும் தெரியலீங்களா?"

"வண்டி ஓடுதா இல்லியா, அதச் சொல்லு அம்மணி."

ஓடியது. பவுண்டரியை மூடியபோது வண்டியை விற்றார். அது யார் யார் கைக்குப் போனதோ, நம்பர்கூட எங்களுக்கு நினைவில்லை. அப்பா போன பிறகு, எந்தப் பழைய வண்டியைப் பார்த்தாலும் அந்த மூடியைத் தேடுவேன். அசல் பார்க்கிறவன் என்று பேர், தேடியது என்னவோ ஒரு போலியை.

"எப்படீங்க?" என்றார் பழனிச்சாமி அண்ணன். நம்பிக் கூப்பிட்டவரிடம் பொய் சொல்ல முடியுமா?

"மூடி மட்டும் அசல் இல்லீங்கண்ணா. இங்க ஊத்துனது."

"அப்ப மாத்திப்போடலாமுங்க."

"பழச எனக்குக் குடுத்துருங்க" என்றேன். எங்கப்பா ஊற்றியது என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

இன்று பார்சலைப் பிரித்ததும் போன் செய்தேன். "இது புதுசுங்களே. பழசு எங்கீங்கண்ணா?"

"அட, உங்களுக்குப் போயி அந்த ஓட்டை மூடியக் குடுக்கறதுங்களா? நல்லாவா இருக்கும்? எனக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணுன்னு வரவழைச்சுப்போட்டேன்."

"அந்தப் பழசு?"

"அதுங்களா, பழைய இரும்புக்காரன் வந்தானுங்க. அலுமினியத்தோட போட்டுட்டேன். இந்நேரம் உருக்கியிருப்பானுங்க."

"ரொம்ப சந்தோசமுங்கண்ணா" என்றேன். அவ்வளவு நல்ல மனிதரிடம் வேறென்ன சொல்வது? போனை வைத்த பிறகு பாழாய்ப்போன அழுகை வந்தது.

பவுண்டரி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது. அம்மாவும் இல்லை. வண்டி முழு அசலாகக் கண்காட்சிக்குப் போகும். அது எங்கள் வண்டி என்று இனி எந்த லென்ஸ் வைத்தும் காட்ட முடியாது. மேசை மேலிருந்த மூடியை எடுத்து விரலால் தடவிப் பார்த்தேன். துளைகள் எல்லாம் கச்சிதமான வட்டம்.