சினிமாப் பட்டாளத்துக்கு நான் கொடுத்த டிரில்

பட்டாளத்தில் ஒரு ஆளைச் சிப்பாயாக்க மாதக்கணக்கில் ஆகும். சினிமாவில் அதற்கு ஒரு மொட்டையும் நாலு கெட்ட வார்த்தையும் போதும். ரெக்ரூட்டுகளுக்குப் பதினாறு வருஷம் டிரில் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவன் நான். ஆட்சி மாறி, எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் கூலிச் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். அறுவடை முடிந்த கோடையில் கீழ்வேளூர்ப் பக்கம் யுத்தப் படம் எடுக்க வந்தார்கள். ரெக்ரூட்டுகளாக நிற்க எங்கள் ஊர் ஆட்கள் முப்பது பேர், அவர்களைப் பழக்க நான். தெரிந்த தொழிலைச் சினிமாக்காரர்களிடம் போய்ச் செய்து மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

உஸ்தாத்

பயிற்சி கொடுப்பவரை நாங்கள் உஸ்தாத் என்போம். படத்து உஸ்தாத் வாயைத் திறந்தாலே ரெக்ரூட்டின் அம்மாவை இழுத்துத்தான் பேசினார். ‘என் உஸ்தாதும் மைதானத்தில் கத்துவார், ஆனால் எனக்கு அம்மை போட்டபோது தினம் வந்து பார்த்ததும் அவர்தான், எங்கள் எல்லோருடைய ஊரும் அவருக்கு மனப்பாடம்’ என்று டைரக்டரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அவர் மனுஷனா இருந்துட்டா, நான் இடைவேளைக்கு என்ன சார் பண்றது?”

உயர வரிசை

முதல் நாளே முப்பது பேரும் இரண்டு கும்பலாக நின்றார்கள். மிராசுதார் வீட்டு வகையறா பந்தல் நிழலில், வயல் வேலைக்காரர்கள் தள்ளி வெயிலில். அணிவகுப்பில் உயரம் ஒன்றுதான் கணக்கு என்று சொல்லிக் கலைத்து நிறுத்தினேன். மிராசுதாரின் தம்பி மகன் சேதுராமனுக்குப் பக்கத்தில் பக்கிரிசாமி வந்தான். அவர்கள் வயலில் வேலை செய்தவன், அந்த வருஷம் சங்கக் கொடியோடு அறுவடையை நிறுத்தியவன். சேதுராமன் வரிசையை விட்டு விலகி வந்து என்னிடம் சொன்னான்: “இவன் பக்கத்துல நிக்கிறதுக்கு நான் பொணமாவே நடிச்சுடறேன், சார்.”

அரை நாள் கெஞ்சி அவனை நிறுத்தினேன்.

மொட்டை

மூன்றாம் நாள் எல்லோருக்கும் மொட்டை, எல்லோருக்கும் ஒரே காக்கி. தம்பி பிள்ளை எப்படி நடிக்கிறான் என்று பார்க்க மிராசுதாரே காரில் வந்தார். முதுகைக் காட்டி நின்ற ஒருவன் தோளில் ஆசையாகக் கை போட்டு, “என்னடா, இப்படிக் கறுத்துட்டே, சாப்பிட்டியா?” என்று கேட்டார். திரும்பியது பக்கிரிசாமி. கையை அவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். அவன் நிதானமாகச் சொன்னான்: “சாப்பிட்டேங்க. கூலிப் பேச்சுவார்த்தைக்கு எப்ப வர்றீங்க?”

பதினேழு

கடைசியில் அந்தக் காட்சி. உஸ்தாத் பெயரைக் கேட்க வேண்டும், ரெக்ரூட் சொன்னதும் அறைந்து, ‘இனி உனக்குப் பேர் கிடையாது, நம்பர்தான்’ என்க வேண்டும், ரெக்ரூட் தலைகுனிந்து ‘பதினேழு’ என்று சொல்ல வேண்டும். டைரக்டர் பக்கிரிசாமியைத்தான் பொறுக்கினார். ஐந்து தடவை எடுத்தார்கள். ஐந்து தடவையும் அவன் தலை நிமிர்ந்து ‘பக்கிரிசாமி’ என்றான்.

எல்லோரும் என்னை முறைத்தார்கள். அவனைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டேன். மிராசு வீட்டில் தன் அப்பாவை ஆயுசுக்கும் ‘டேய்’ என்றுதான் கூப்பிட்டார்கள், யாரும் பேர் சொன்னதில்லை என்றான். பட்டாளத்தில் நம்பர் கொடுத்தாலும் பேரையும் பக்கத்திலேயே எழுதுவார்கள், என் டிரங்குப் பெட்டியில் இரண்டும் இருக்கிறது என்றேன். அப்படியானால் இந்தப் படத்திலும் இரண்டையும் சொல்லவிடச் சொல்லுங்கள் என்றான். அவனே டைரக்டர் முன்னால் போய், காக்கிச் சட்டையைக் கழற்றி, மடித்து வைத்துவிட்டுச் சொன்னான்: “பேரில்லாம இருந்து பாத்தாச்சுங்க. திரும்ப நடிச்செல்லாம் காட்ட முடியாது.”

மனுஷன் பேரைப் பிடுங்குவது எவ்வளவு பெரிய கொடுமை என்று படமெடுக்க வந்தவர்கள், ஒருத்தன் தன் பேரை விடமாட்டேன் என்று எழுந்து போனதற்காக அன்று சாயங்காலம் வரை என்னைத் திட்டினார்கள்.