குண்டுப் பயல் அழுத ராத்திரி

என் வீட்டுக்காரருக்குப் பேச்சு வராது. ஊமையெல்லாம் இல்லை, வாயைப் பிடுங்கினாலும் நாலு வார்த்தைக்கு மேல் தேறாது, அவ்வளவுதான். மீதியை நான் பேசிக்கொள்வேன். எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். சொல்லட்டும், பொய்யில்லையே. அந்த வாயால் வந்த வினையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அவர் இஸ்திரிக்காரர். நாங்கள் குடியிருக்கிற மூன்று மாடிக் கட்டடத்தில், மாடிப்படிக்கு அடியில் கிடந்த இடத்தை அடைத்துக் கடையாக்கியிருந்தோம். ஒரு மேஜை, அதன்மேல் நாலாக மடித்த கம்பளி, இஸ்திரிப் பெட்டி, சுற்றிலும் துணி மூட்டைகள். பின்கதவைத் திறந்தால் எங்கள் அறை. பதினாலு வயதில் பெட்டியைப் பிடித்த மனுஷன், ஐம்பத்திரண்டு ஆகியும் விடவில்லை. வலது கை பெட்டியைத் தள்ளும், இடது கை முன்னால் துணியை நீவிக்கொண்டே போகும். நாள் முழுக்கச் சூட்டில் கிடக்கிற கைகள். ராத்திரி சாப்பிட உட்காரும்போதும் அந்தச் சூடு முழுசாகப் போயிருக்காது. குளிர்காலத்தில் எனக்கு அது வசதிதான், வேறென்ன சொல்ல.

எங்கள் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது பொழுது சாய்ந்தால் போதும், வயிற்றில் காற்றைக் கட்டிக்கொண்டு வீறிட ஆரம்பித்துவிடுவான். தோளில் போட்டுத் தட்டித் தட்டி என் கை ஓய்ந்துவிடும். ஒரு நாள் ஆத்திரத்தில், "பெத்ததோட என் வேலை முடிஞ்சுது, பிடிங்க" என்று அவர் மடியில் போட்டுவிட்டேன். அவர் குழந்தையை முன்கைமேல் குப்புறப் போட்டு, உள்ளங்கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்து, அறைக்கும் கடைக்குமாக நடந்தார். பத்து நிமிஷம் இருக்கும். பையன் ஒன்று விட்டான் பாருங்கள், வாசலில் போனவர் நின்று திரும்பிப் பார்த்தார். அதோடு தூங்கிப்போனான்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருப்பேனா? குழாயடியில் சொன்னேன், மாவு மில்லில் சொன்னேன், துணி கொண்டுவந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். கொஞ்ச நாளில் தெருவில் எந்தக் குழந்தை வயிறு உப்பி அழுதாலும் எங்கள் கதவைத்தான் தட்டினார்கள். அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அப்புறம் இன்னொரு அதிசயம், குழந்தை கையில் இருந்தால் மட்டும் அவருக்குப் பேச்சு வரும். "அந்த வாத்தியார் சட்டைக்குக் காலர் ஒரு பக்கம் ஏறுது, ஒரு பக்கம் இறங்குது. தச்சவன் பண்ணின தப்பு. திட்டு எனக்கு. நியாயமா நீயே சொல்லு" என்று அதுகளிடம் முறையிடுவார். குழந்தை டர்ரென்று ஒன்று விடும். "ஆங், சரியாச் சொன்ன" என்பார். பெற்றவள் அழுத கண்ணோடு சிரிப்பாள். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இவர் கை பட்டு அடங்காத வயிறு கிடையாது" என்பேன். நூறு தடவை சொல்லியிருப்பேன், ஆயிரம் தடவையே சொல்லியிருப்பேன்.

இரண்டாவது மாடியில் லாரி டிரைவர் குடும்பம் இருந்தது. அவன் வண்டி எடுத்தால் பத்து நாள் கழித்துத்தான் வருவான். அவன் பெண்டாட்டிக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். அதிர்ந்து பேசத் தெரியாத பெண். என்னை அக்கா என்பாள், அவரை அண்ணே என்பாள். நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அவளுக்கு ஏழு மாதத்தில் ஒரு பையன். தொடையில் மூன்று மடிப்பு, கையில் வளையல் போட்ட மாதிரி மடிப்பு. நாங்கள் குண்டு என்று கூப்பிடுவோம். நல்ல பெயர் என்னவோ ஒன்று வைத்திருந்தார்கள், யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்குக் குண்டுவைத் தூக்கிக்கொண்டு அவள் இறங்கி வந்தாள். பையன் காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் சிவக்கக் கத்திக்கொண்டிருந்தான். பாலை ஒரு தடவை கக்கிவிட்டானாம். இவர் பெட்டியை அணைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். வழக்கம்போல முன்கையில் போட்டு நடந்தார். ஐந்து நிமிஷத்தில் சத்தம் நின்றது. நான் அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தேன்.

அரை மணி நேரத்தில் மறுபடியும் இறங்கி வந்தாள். அதே கத்தல், அதே கால் மடக்கல். இவர் வாங்கினார், நடந்தார், அடங்கினான். மூன்றாவது தடவை வந்தபோது அவள் மாடிக்குத் திரும்பிப் போகவில்லை, எங்கள் அறையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, இது எப்பவும் அழுற அழுகை இல்ல" என்றாள். "பசிக்கு அழுதா எனக்குத் தெரியும். வயித்துக்கு அழுதாலும் தெரியும். இது வேற மாதிரி இருக்கு."

இவர் என்னைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன். "தலைப்பிள்ளைக்காரி எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. நானும் சொல்லியிருக்கேன். எல்லாம் காத்துதான்."

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமாக்கா?"

ஆஸ்பத்திரி ஊரின் அடுத்த கோடியில். கடைசி பஸ் போயிருக்கும், ஆனால் வாடகை வண்டி கூப்பிட்டால் வரும். அதுவல்ல விஷயம். எனக்குச் சுருக்கென்று இருந்தது. இத்தனை வருஷத்தில் இவர் கையில் கொடுத்துவிட்டு யாரும் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்ததில்லை. "இந்த நேரத்துக்குப் போய், இருமலும் காய்ச்சலுமா உக்காந்திருக்கிறவங்க நடுவுல பிள்ளையை வச்சிருக்கப் போறியா? இல்லாத நோயை வாங்கிட்டு வரவா? இவர் தூக்கினதும் அடங்குறானா இல்லையா, அதைச் சொல்லு."

"அடங்குறான்."

"அப்புறம் என்ன?"

மணி அப்போது பத்து.

பதினொன்றுக்கு மேல் அந்தக் கத்தல் இல்லை. நடுநடுவே முனகினான், காலை மடக்கினான், மறுபடி துவண்டு இவர் கையில் கிடந்தான். "பாத்தியா" என்றேன் அவளிடம். என் பாயிலேயே அவளைப் படுக்க வைத்தேன். பகலெல்லாம் தனியாகப் பிள்ளையோடு ஓய்ந்தவள், கண்ணை மூடியதும் தூங்கிவிட்டாள். இவர் நடந்துகொண்டே இருந்தார். வழக்கமான பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, யாரோ ஒருத்தர் பேண்டில் மடிப்பு இரண்டு கேட்கிறார் என்று. பையன் பதிலுக்கு ஒன்றும் விடவில்லை.

ஒரு மணி வாக்கில் என்னை எழுப்பினார். "கால் ஜில்லுன்னு இருக்கு."

"ராத்திரிக் குளிரு. துணியைப் போத்துங்க."

"வெளுத்த மாதிரி இருக்கான்."

"இந்த டியூப் லைட்ல நீங்களும்தான் வெளுத்திருக்கீங்க. தூங்குற பிள்ளையை நோண்டாதீங்க." திரும்பிப் படுத்துக்கொண்டேன். தூங்கியும் போனேன். சொல்லும்போதே என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருக்கிறது.

விடிகாலை ஐந்து மணிக்கு அவள் எழுந்து பையனை வாங்கிப் பால் கொடுக்கப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. ஈரம் என்று நினைத்து இடுப்புத் துணியை அவிழ்த்தாள். உள்ளே ரத்தமும் சளியுமாகக் கூழ் போல இருந்தது. அவள் துணியை என் பக்கம் நீட்டினாள். இவர் சட்டைகூடப் போடாமல் தெருவுக்கு ஓடி, பால் வண்டியை மறித்து நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில் பையனைப் பார்த்ததும் இரண்டு பேர் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அவளும் பின்னால் ஓடினாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு டாக்டரம்மா எங்களிடம் வந்தார். குடலுக்குள் குடல் சொருகிக்கொண்டது, உள்ளே அழுகிவிட்டது, வயிற்றைத் திறந்தாக வேண்டும் என்றார்.

"எப்ப ஆரம்பிச்சது?"

"நேத்து எட்டு மணிக்கு" என்றார் இவர்.

"விட்டு விட்டு அழுதானா? நடுவுல அமைதியாயிடுவானா?"

"நான் தூக்கினா அமைதியாயிடுவான் டாக்டர்." அதைச் சொல்லும்போது இவர் முகத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை.

டாக்டரம்மா கோபமாகப் பேசவில்லை. "நீங்க தூக்கினதால இல்லைங்க. அந்த வலி அப்படித்தான், வரும், போகும். கட்டில்ல போட்டிருந்தாலும் அமைதியாயிருப்பான். அப்புறம் அழத் தெம்பு இருக்காது, துவண்டுடுவான். தூங்குறான்னு நினைச்சுக்குவாங்க. ராத்திரி பத்து மணிக்கு வந்திருந்தா…" என்று முடிப்பதற்குள் யாரோ கூப்பிட, உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் நாலு மணிக்குக் குண்டு செத்துப்போனான்.

லாரிக்காரன் மறுநாள்தான் வந்து சேர்ந்தான். எல்லாம் முடிந்தபின் எங்கள் அறைக்கு வந்து, இவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான். "பெத்தவன் பக்கத்துல இல்லாத ராத்திரிண்ணே. நீங்கதான் விடிய விடிய சுமந்தீங்களாம். உங்களுக்கு நான் என்ன செய்யப் போறேன்." இவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்காதீங்க என்று நான் கண்ணால் சொன்னேன்.

அவன் போனதும் இவர், "சொல்லிடலாம்" என்றார்.

"சொல்லி? போன உசுரு வந்துடுமா? அவன் நம்மளை உயிரோட விடுவானா? தெருவுல எப்படித் தலை காட்டுறது?"

அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. துணி தேய்த்தார், சாப்பிட்டார், படுத்தார். மாடியில் லாரிக்காரனின் அம்மா வந்து தங்கியிருந்தாள். ஜன்னல் வழியாக அவள் குரல் கீழே வரை வரும். "கல்லு மாதிரி இருந்த பிள்ளை. என்னத்தைக் கொடுத்துத் தொலைச்ச? பாலைத் தவிர என்ன கொடுத்த?" தினம் இதே கேள்வி. பதில் குரல் கேட்காது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு என் வேலையைப் பார்த்தேன். தெருவில் எங்களைப் பார்ப்பவர்கள், சொந்தப் பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்டீங்களே என்றார்கள். வாய் கிழியப் பேசுகிற நான் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தேன்.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு மத்தியான வேளையில் அவள் கடைக்கு வந்தாள். கையில் துணி இல்லை. பாதி ஆளாக இளைத்திருந்தாள். மேஜைக்குப் பக்கத்தில் இருந்த மூட்டைமேல் உட்கார்ந்தாள். நான் பின்கதவருகில் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள். "அன்னைக்கு மத்தியானம் நான் அவனுக்கு வாழைப்பழம் மசிச்சுக் கொடுத்தேன். ரெண்டே ஸ்பூன். ஆசையா வாயைத் திறந்தான்ணே. டாக்டர்கிட்டயும் சொல்லல, வீட்லயும் சொல்லல. அதுதான் உள்ள போய்ச் சிக்கிக்கிச்சு, இல்ல? உங்களுக்குப் பிள்ளைங்க வயித்தைப் பத்தித் தெரியும். மறைக்காம சொல்லுங்க. நான்தானே அவனைக் கொன்னுட்டேன்?"

இவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"ஏங்க" என்றேன் நான்.

என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பழத்தால இல்லம்மா" என்றார். "பழம் ஒண்ணும் பண்ணல. அவன் அடங்குனது என்னால இல்ல. அந்த நோவே அப்படித்தானாம், விட்டு விட்டு வருமாம். அப்புறம் அழத் தெம்பில்லாம துவண்டு போயிருக்கான். தூங்குறான்னு நெனச்சு நான் நடந்துக்கிட்டிருந்தேன். ராத்திரி பூரா அவனுக்கு வலிச்சிருக்கு. பத்து மணிக்கே போயிருந்தா பொழைச்சிருப்பான். டாக்டரம்மா அன்னைக்கே எங்ககிட்ட சொல்லிட்டாங்க."

பெண்டாட்டியிடம் முப்பது வருஷத்தில் அத்தனை பேசியதில்லை அவர். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன், அடிப்பாள் என்றுகூட நினைத்தேன்.

"அப்ப பழத்தால இல்லையா?" என்றாள்.

"இல்லம்மா."

"நெசமா?"

"நெசமா இல்ல."

அவள் என் பக்கம் திரும்பினாள். அவளுக்கு அவர் சொன்ன மற்றது எதுவும் இன்னும் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. "அக்கா, நீங்க சொல்லுங்க. நான் கொடுத்த பழத்தால இல்லையே?"

மடித்த சட்டை என் கையில் கசங்கிக்கொண்டிருந்தது. மூன்று வாரமாக அந்த ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தவள் நான்.

"இல்லடி" என்றேன். "நீ போகணும்னு சொன்ன. நான்தான் உன்னைப் போக விடல."