முதலில் இறங்கிய பெட்டிகள்

திருச்செந்தூர் கடற்கரைச் சாலையில் கார் நின்று, பானெட்டிலிருந்து புகை கிளம்பியது. அந்தச் சூடான ரப்பர் வாடையில் எனக்கு மறுபடி ஏழு வயதானது.

அன்றும் இதே சாலைதான். சிவகாசியிலிருந்து கோயிலுக்கென்று கிளம்பிய அப்பா, போகிற வழியில் ஒரு கடைக்குக் கொடுக்க டிக்கி நிறையத் தன் கம்பெனியின் பட்டாசுப் பெட்டிகளை ஏற்றியிருந்தார். இன்ஜின் புகைந்ததும் குதித்து இறங்கி, பெட்டிகளைத்தான் தூக்கித் தூக்கிப் பனையடியில் வைத்தார். நானும் அம்மாவும் பின்சீட்டில்; அந்தக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். அம்மா உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டினாள்.

“பிள்ளை உள்ள இருக்கான், பெட்டியைத் தூக்குறீகளே.”

“லோடு போச்சுன்னா கம்பெனியில என்னத்தச் சொல்ல?” என்றார்.

கடைசியாகத்தான் கதவைத் திறந்தார்.

இப்போது முன்சீட்டில் அவரே பதறினார். “ஏலே, மொதல்ல பேத்தியை எறக்கு.”

“எறக்கிட்டேன்பா,” என்றேன், மகளை இடுப்பில் வைத்தபடி. “இதுல பெட்டி ஏதும் இல்ல.”