அப்புவின் தோளில் வண்டி அச்சு

நேற்று நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஓர் இரும்பு அலுமாரி வந்தது. இறக்க வந்த இருவரும் முதுகை வில்லாக வளைத்து, முழங்கையை மடக்கி, முக்கிக்கொண்டு நின்றார்கள். என் வாய் சும்மா இருக்குமா? “கையை மடக்காதேங்கோ, காலாலை நிலத்தைத் தள்ளுங்கோ” என்றேன். ரீச்சருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்பதுபோல என்னைப் பார்த்தார்கள். அலுமாரியோ எண்ணெயும் இரும்பும் கலந்து மணந்துகொண்டு நின்றது.

அந்த மணம் என்னை நேரே இரண்டாம் உலக யுத்த காலத்துக்கு, திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் வீட்டு வளவுக்குக் கொண்டுபோனது. அப்போது குடாவில் மீனைவிடக் கப்பல்கள்தான் அதிகம். எதிரி விமானங்களை மறிக்க வானத்தில் வெள்ளிப் பலூன்கள் கட்டியிருக்கும். குண்டு விழுந்தபோது திரியாய்க் கிராமத்துக்கு ஓடிய நாங்கள் திரும்பி வந்திருந்தோம், பள்ளிக்கூடமும் திறந்துவிட்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான். இதை ஒருநாளைக்கு எத்தனை தரம் சொல்வேன் என்று என்னிடம் கேட்காதீர்கள், சின்னண்ணனிடம் கேளுங்கள்.

சின்னண்ணனுக்கும், கடற்படைப் பண்டகசாலையில் அவரோடு வேலை செய்த கிண்ணியாக் காதருக்கும் பாரம் தூக்கும் பைத்தியம். கழித்துப் போட்ட தண்டவாளத் தள்ளுவண்டியின் அச்சு ஒன்றைச் சக்கரங்களோடு உருட்டி வந்து எங்கள் பின்வளவில் வைத்திருந்தார்கள். பாரத்தை நிலத்திலிருந்து இழுத்துத் தோளுக்கு ஏற்றும் விதத்தைப் படத்தோடு சொல்லும் ஆங்கிலப் புத்தகம் ஒன்றை ஒரு மாலுமி காதருக்குக் கொடுத்திருந்தான். அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் பெரியபிள்ளையாகிவிட்ட பெண் ஆண்கள் நடுவில் போய் இருக்கலாமா? ஆகவே தென்னோலைக் கிடுகு வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தபடி வாசித்தேன், தமிழாக்கினேன், ஏசினேன்.

புத்தகம் சொன்ன பெரிய இரகசியம் இதுதான்: இரும்பு உடம்பை விட்டு விலகக் கூடாது. கணைக்காலையும் தொடையையும் உரசினாற்போல மேலே வரவேண்டும். “ஓம், ஓம், உரசுது” என்பார்கள் இருவரும். வேலி ஓட்டையால் பார்த்தால் அது ஒரு முழம் தள்ளிப் போகும். ஒருநாள் அடுப்புக்கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து அச்சில் பூசி வைத்தேன். உரசினால் கறை காட்டிக்கொடுக்கும் அல்லவா?

“என்ரை காற்சட்டையைப் பார். தொடையிலை கரி!” என்றார் சின்னண்ணன்.

“அது போன கிழமை ஊத்தை” என்றார் காதர். “புள்ள, நீயே சொல்லு. ஆருக்குக் கரி கூட?”

“உங்களுக்குத்தான், காதர் நானா. ஆனால் மூக்கிலை.”

கரிக்கோடு தொடையில் ஒழுங்காக விழ விழப் பாரம் இலேசானது. அச்சின் இரு முனைகளிலும் மணல் மூட்டை கட்டும் அளவுக்குத் தேறிவிட்டார்கள். எனக்கு ஆசை வராதா? ஒரு மத்தியானம், ஆள் இல்லாத நேரம், மூட்டைகளை அவிழ்த்துவிட்டுப் புத்தகம் சொன்னபடி இழுத்தேன். தொடை வரை வந்தது! கைதட்ட ஒருவரும் இல்லாததால் இறக்கி வைத்துவிட்டு நானே தட்டிக்கொண்டேன். மூட்டைகளை மறக்காமல் திரும்பக் கட்டினேன். பாவாடையைத்தான் மறந்துபோனேன்.

பின்னேரம் அப்புவுக்கு, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், தேத்தண்ணீர் கொண்டுபோனேன். என் வெள்ளைப் பாவாடையில் குறுக்காக ஒரு கரிக்கோடு. அதே கோட்டை அவர் மகனின் காற்சட்டையில் நாள்தோறும் பார்ப்பவர். படிக்காத மனிதர்தான், ஆனால் இரண்டையும் பொருத்திப் பார்க்க அவருக்கு ஒரு மிடறு தேத்தண்ணீர் போதுமாக இருந்தது.

“ஆம்பிளையளின்ரை இரும்பிலை உனக்கென்னடி வேலை? இதுக்கோ உன்னைப் பள்ளிக்கூடம் விட்டனான்? திங்கக்கிழமை தொட்டு வீட்டிலை இரு!”

அப்பு சொன்னால் சொன்னதுதான். பள்ளிக்கூடத்துக் கடைசிச் சோதனைக்கு இன்னும் ஒரு வருடம்தான் இருந்தது.

அதோடு அவர் விடவில்லை. “உந்தச் சனியனைக் கடலிலை எறியிறன்” என்று பின்வளவுக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். வேலை முடிந்து வந்து நின்ற சின்னண்ணனும் காதரும் ஒதுங்கினார்கள். அப்பு துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர். இரண்டு அந்தர், இருநூறு இறாத்தலுக்கு மேல், அரிசியோடு பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டு நடப்பார். ஆனால் சுமப்பவர்களின் வழக்கம் வேறு. குனிந்து முதுகைக் காட்டினால் இருவர் தூக்கி வைத்துவிடுவார்கள். நிலத்தில் கிடப்பதைத் தனியே எடுத்துப் பழக்கமில்லை. முதுகை வளைத்தார், கையை மடக்கினார், இழுத்தார். அச்சு முழங்காலோடு நின்றுவிட்டது. மறுபடியும் இழுத்தார். மறுபடியும் முழங்கால். காதர் வானத்துப் பலூனை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புத்தியுள்ளவள் அப்போது பேசாமல் இருந்திருப்பாள்.

“அப்பு, கையை மடக்காதேங்கோ. கயிறு மாதிரி நீட்டி விடுங்கோ. காலாலை நிலத்தைத் தள்ளுங்கோ. தொடைக்கு வந்த உடனை துள்ளி நிமிர்ந்து, முழங்கையை அடியிலை குடுங்கோ!”

கோபத்தில், மகள் சொன்னதைச் செய்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை போலும். இரும்பு வேட்டியை உரசிக்கொண்டு ஏறித் தோளில் போய்க் குந்தியது. அப்பு அசையாமல் நின்றார். முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்து, பாதியில் நின்றது. முதுகுப் பாரத்தை இறக்கவும் அவருக்கு எப்போதும் ஆள் உண்டே!

“இனி இதை என்னெண்டு இறக்கிறது?”

சின்னண்ணன் வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

“திங்கக்கிழமை நான் பள்ளிக்கூடம் போகட்டோ, அப்பு?”

“அடியேய்!”

“சோதனை முடியுமட்டும்?”

“போ! போய்த் துலை! முதல் வழியைச் சொல்லு!”

“கையை விட்டிட்டுப் பின்னுக்குத் துள்ளுங்கோ.”

நிலம் அதிர்ந்த அதிர்வில் பக்கத்து வளவுக்காரர் பதுங்கு குழிக்குள் இறங்கிவிட்டார்கள்.

அப்பு வாக்கு மாறவில்லை. திங்கட்கிழமை போனேன், சோதனையும் எழுதினேன். யுத்தம் முடியக் கப்பல்கள் ஒவ்வொன்றாகப் போயின. பண்டகசாலையில் ஆட்குறைப்பு வந்தது. சின்னண்ணன் கொழும்புக்குப் போனார், காதர் கிண்ணியாவில் கடை போட்டார். பின்வளவில் இப்போது கத்தரிச் செடிகள் நிற்கின்றன. அப்பு, வருகிற கடிதம், அரசாங்கக் கந்தோர்ப் படிவம், மருந்துப் போத்தல் எல்லாவற்றையும் என்னிடம் நீட்டுகிறார். கேட்ட உடனே வாசித்துச் சொல்லிவிடுகிறேன். போன கிழமையும் ஒரு கடிதம் வாசித்து முடித்தேன். அவர் எழும்பாமல் கதிரையிலேயே இருந்தார்.

“ஏன் பிள்ளை, அண்டைக்கு இரும்பை இறக்க வழி சொல்லக் கூலி கேட்டனி. இதுக்கு உனக்கு ஒண்டும் வேண்டாமோ?”

“ஒண்டும் வேண்டாம், அப்பு” என்றேன்.

அது அவருக்குப் பிடிக்கவில்லை.